சொல்லைப் பிரிக்கும் இரு வழிகள்

ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுக என்று ஆசிரியர் கேட்டவிடத்து, எவ்வழியாற் பிரிப்பது என்று திருப்பிக் கேட்கும் மாணவன் சொல்லின் இயல்பை அறிந்தவனாவான். அவ்வினாவைத் தன்னுள்ளேனும் எழுப்பாது, எடுத்த எடுப்பிலே பிரிக்கத் தொடங்குபவன், தமிழாயினும் ஆங்கிலமாயினும், பாதி வழியில் இடர்ப்படுவது திண்ணம். இக்கருத்தினை இந்த யூபிலி மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். உருத்திரபுரத்திலே தமிழ் பயிற்றும் யாம் ஆங்கிலச் சொல்லொன்றை முன்வைத்துப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். புகுந்த காரணம் பின்னர்ப் புலனாகும்.

ஆங்கிலத்திலே இரு சொற்கள் இணைந்து ஒரு பெயரடையாய் நிற்பதைக் கூட்டுப் பெயரடை என்பர். 'கைண்ட்-ஹார்ட்டெட்' என்பது அவற்றுள் ஒன்று. இரக்கமுள்ள நெஞ்சினையுடைய என்பது அதன் பொருள். இதனைச் செவியாற் பிரிப்பின் கைண்ட், ஹார், டெட் என மூன்று ஓசைத் துண்டுகள் கிடைக்கும். பொருளாற் பிரிப்பின் கைண்ட், ஹார்ட், எட் என மூன்று உறுப்புகள் கிடைக்கும். முதலுறுப்பு இரக்கத்தையும், நடுவுறுப்பு நெஞ்சையும், இறுதியுறுப்பு உடைமையையும் உணர்த்தும். இருவகையிலும் எண்ணிக்கை மூன்றே. ஆயினும் எல்லைகள் வேறு. 'ஹார்ட்' என்பதன் ஈற்றொற்றுத் தன் சொல்லை விட்டு நீங்கி, அடுத்து வரும் உயிரோடு சேர்ந்து ஒலிக்கின்றது. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறும் இயல்பை நன்னூலிற் பயின்ற நம் மாணவர்க்கு இதிற் புதுமை யாதுமில்லை. எண்ணிக்கை ஒத்திருத்தலே அவரை மயங்கச் செய்கின்றது.

'ப்ளூ-ஐட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நீலக் கண்ணுடைய என்பது பொருள். செவி இதிற் காண்பவை ப்ளூ, ஐட் என்னும் இரண்டு துண்டுகளே. பொருளோ நீலம், கண், உடைய என மூன்றாக விரிகின்றது. 'லோங்-ஃபேஸ்ட்', அதாவது நீண்ட முகமுடைய, என்பதும் அத்தகையதே. உடைமை குறிக்கும் ஈற்றுறுப்பு எழுத்தில் மூன்றிடத்தும் ஒன்றே. ஒலியிலோ, முதற் சொல்லிலே தனித்ததோர் அசையாகவும், இரண்டாவதிலே குரலதிர்வு கூடிய வெற்றொற்றாகவும், மூன்றாவதிலே அதிர்வற்ற வல்லொற்றாகவும் வேறுபடுகின்றது. இதனை ஆங்கிலத்தின் கோணல் என்று சலித்துக்கொள்ளும் மாணவன், தன் தாய்மொழியின் இறந்தகால இடைநிலைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்தான் என்பதிலே தகரவொற்றும், உண்டான் என்பதிலே டகரவொற்றும், கற்றான் என்பதிலே றகரவொற்றும், ஓடினான் என்பதிலே இன்னும் நின்று ஒரே காலத்தை உணர்த்தவில்லையா? பொருள் ஒன்றாயிருக்க, அயலில் நிற்கும் ஒலிக்கு ஏற்ப வடிவம் பலவாதல் மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான நடைமுறை.

உறுப்புகளை எண்ணுவதோடு பணி முடிந்துவிடாது. அவை எம்முறையில் இணைந்தன என்பதையுங் காணல் வேண்டும். கைண்ட் என்பதும் ஹார்ட்டெட் என்பதும் இணைந்தன என்று கொள்வது பிழை. இரக்க நெஞ்சு என்னும் பொருள்படக் கைண்ட், ஹார்ட் என்னும் இரண்டும் முதலில் இணைகின்றன. அவ்விணைப்பு முழுவதன்மேலும் உடைமை விகுதி வந்து பொருந்துகின்றது. இதனை அறியாதவன் அவ்விகுதியை இறந்தகால வினையின் விகுதியென மயங்கி, நெஞ்சைக் குறிக்கும் பெயரை வினையாக்கிவிடுவான்.

இதற்கு நேரான அமைப்புத் தமிழில் உண்டு. செங்கண்ணன் என்னும் சொல்லை நோக்குக. செம்மை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டுக் கண் என்பதோடு புணர்கையில், மகரம் ஙகரமாய்த் திரிந்து செங்கண் என்றாயிற்று. அதன்மேல் அன் விகுதி வர, ணகரவொற்று இரட்டித்துச் செங்கண்ணன் ஆயிற்று. சிவந்த கண்ணையுடையவன் என்பது பொருள். செம்மையும் கண்ணன் என்பானும் கூடியதென்று எவரும் பொருள் கொள்ளார். செவியோ செங், கண், ணன் என்று மூன்று நேரசையாக, தேமாங்காய் வாய்பாட்டிலே, இதனை அளந்துவிட்டுப் போகின்றது. இரட்டித்த ணகரத்தில் ஒன்று கண்ணோடும் மற்றொன்று விகுதியோடும் ஒலிக்கின்றது. பொருள் வழி நோக்கின், அவ்விரண்டாம் ணகரம் எந்த உறுப்பின் பொருளுக்கும் உரியதன்று. சந்தியால் வந்து நிற்பது. செங்கண்ணனைச் செம்மையாய்ப் பிரிக்கக் கற்றவனுக்கு 'ப்ளூ-ஐட்' அந்நியச் சொல்லாய்த் தோன்றாது.

விகுதி எதுவும் வெளிப்படாமலே உடைமைப் பொருள் தரும் தொகைகளும் உள. பொற்றொடி வந்தாள் என்றவிடத்து, வந்தது வளையல் அன்று. அதனை அணிந்த பெண். இதனை அன்மொழித்தொகை என்று நம் இலக்கணம் கூறும். ஆங்கிலத்திலே வெறுங்காலோடு நடப்பவனைக் குறிக்கும் 'பேர்ஃபுட்' என்னும் சொல்லும், உடைமை விகுதி இன்றியே அப்பொருளைத் தருகின்றது. வடமொழியாளர் இவ்வகைத் தொகைக்குப் பஹுவ்ரீஹி என்று பெயரிட்டனர். அப்பெயரே அவ்வகைத் தொகைக்கு எடுத்துக்காட்டுமாகும்: மிகுந்த நெல், மிகுந்த நெல்லையுடையவன் என்று அது விரியும். ஆங்கிலத்தை ஆராயும் இக்கால மொழியியலாரும் தம் நூல்களில் அவ்வடசொல்லையே எடுத்தாளுகின்றனர். நம் வீரசோழியம் அதனைப் 'பலநெல்' என்று தமிழாக்கி வழங்கிற்று. அந்நூலை 1881 ஆம் ஆண்டிலே பதிப்பித்து உலகுக்கு அளித்தவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். இரணைமடு நீர் பாய்ந்து நெல் விளையும் உருத்திரபுரத்து வயற்பரப்பின் நடுவே வளரும் பிள்ளைக்கு, ஆங்கில இலக்கணத்தின் அரிய கலைச்சொல் ஒன்று நெல்லாலே ஆகியிருத்தலைச் சொல்லிக் கொடுப்பின், அவன் அதனை மறப்பானா?

இனி, செவிவழிப் பிரிப்பினைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். யாப்பிலே நாம் கூறும் அசையும் ஆங்கிலத்தார் கூறும் சிலபிளும் ஒன்றே என்று மாணவர் பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. சிலபிள் என்பது ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்ட துண்டு. நம் நேரசை அதனோடு ஒக்கும்; நிரையசையோ இரண்டு உயிர்களைத் தன்னுட் கொள்ளும். உருத்திரபுரம் என்னும் ஊர்ப்பெயரை அலகிட்டால் உருத், திர, புரம் என நிரையசை மூன்றாய்க் கருவிளங்கனி வாய்பாட்டில் அமையும். அதனையே சிலபிளாகப் பிரித்தால் உ, ருத், தி, ர, பு, ரம் என ஆறு துண்டுகளாகும். பொருளாற் பிரித்தால் உருத்திரன், புரம் என்னும் இரண்டே. அங்கே கோயில் கொண்டிருக்கும் உருத்திரபுரீஸ்வரப் பெருமானின் திருநாமத்தை நாள்தோறும் உச்சரிக்கும் பிள்ளைக்கு இவ்விரண்டும் தெரிந்தவை. ஒரே பெயர் மூன்று, ஆறு, இரண்டு என வேறுவேறு எண்ணிக்கை தருகின்றது. மூன்று விடையும் சரியே. வினா மட்டும் வேறுவேறு.

இதற்குப் பயிற்சி தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கி வருவோர் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என வரிசையாகப் பெயர்ப்பலகைகளைக் காண்பர். அவற்றுள் புளியங்குளம் ஒன்றே ஒரு பாடவேளைக்குப் போதும். செவி அதனைப் புளி, யங், குளம் என்று பிரிக்கும். பொருளோ புளி என்னும் மரப்பெயரையும், குளத்தையும், இடையே அம் என்னும் சாரியையையும் காட்டும். யகரம் இரண்டு உயிர்களை இணைக்க வந்த உடம்படுமெய். ஙகரம் மகரத்தின் திரிபு. ஆக, 'யங்' என்னும் அச்சிறு துண்டினுள்ளே உடம்படுமெய், சாரியை, திரிபு என்னும் மூன்று செய்திகள் பொதிந்து கிடக்கின்றன. மாங்குளத்திலே மரப்பெயர் முன் இனமெல்லெழுத்து மிகுந்தது. முல்லைத்தீவு நோக்கித் திரும்பின் முல்லையும் தீவும் தகரவொற்றால் இணைந்தன. நெடுங்கேணி சென்றால் நெடுமை ஈறு கெட்டு, இனமெல்லெழுத்து மிகுந்து கேணியைத் தழுவிற்று. அப்பலகைகளிலே அப்பெயர்கள் ஆங்கில எழுத்திலும் பொறிக்கப்பட்டிருத்தலின், ஒலி எவ்வாறு எழுத்தாகின்றது என்பதையும் ஒப்பிட்டுக் காணலாம்.

செவிக்கும் பொருளுக்கும் இடையே மூன்றாவதொரு பிரிப்பும் உண்டு. அஃது அச்சுக்கூடத்தார் பிரிப்பு. ஆங்கில அகராதிகள் சிலவற்றிலே தலைச்சொற்களின் நடுவே புள்ளிகள் இடப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். வரி முடிவிலே இடம் போதாதபோது சொல்லை எங்கே முறிக்கலாம் என்பதைக் காட்டுவதே அப்புள்ளிகளின் முதல் நோக்கம். உச்சரிப்பு வேறாகத் தரப்பட்டிருக்கும். இப்புள்ளிகளைப் பொருளுறுப்பின் எல்லையெனக் கொண்டு விடை எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர் உளர். அறிவினைக் குறிக்கும் 'நொலெட்ஜ்' என்னும் சொல்லை, அறிதல் என்னும் முதலுறுப்புச் சிதையாதபடி முறிப்பது இங்கிலாந்தின் பழைய அச்சு மரபு. ஒலிக்கு ஏற்ப ஓரெழுத்துத் தள்ளி முறிப்பது அமெரிக்க மரபு. அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1783 ஆம் ஆண்டிலே வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலிலே, பழைய முறையை மாற்றிச் செவிக்கு இசையச் சொற்களைப் பிரித்துக் காட்டினார். ஒரே மொழியை எழுதும் இரு நாட்டார் ஒரே சொல்லை ஈரிடத்தில் முறிப்பதற்கு இவ்விரு வழிகளே காரணம்.

தமிழ் அச்சிலே இவ்விடர் தோன்றவில்லை. புள்ளியெழுத்து அடுத்த வரிக்கு முதலாகாதபடி பார்த்துக்கொண்டு, எவ்வெழுத்திலும் முறிக்கின்றோம். நமக்கு வந்த இடர் வேறு. ஏட்டுச் சுவடிகளிலே சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி எழுதினர்; எங்கே ஒரு சொல் முடிகின்றது என்பதைக் கற்றவரே காணுதல் கூடும். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அவர்கள் அச்சிட்ட உரைநடை நூல்களிலே, சிறுவரும் படித்துணரும்படி சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகளையும் இட்டனர். நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்த அதே கரமே பாலபாடங்களையும் எழுதிற்று. பெரும் புலமையுடையார் ஒருவர் சிறுபிள்ளையின் கண்ணுக்கு எட்டுமாறு சொல்லைப் பிரித்துக் கொடுப்பதைத் தம் தகுதிக்குக் குறைவென்று எண்ணவில்லை. அம்மரபிற்கு உரியவர் நாம்.

இனி, இதனையெல்லாம் இங்கே எடுத்துரைத்த காரணத்தைக் கூறுவோம். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கிளிநொச்சி மண்ணின் மக்கள் ஊர் பெயர்ந்தனர். மீண்டு வந்து குடியமர்ந்தபோது வீடும் பள்ளியும் புதிதாய்த் தொடங்க வேண்டியிருந்தன. இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், தம் கல்விக் காலத்தை இடப்பெயர்விலே கழித்தவர்கள். வீட்டிலே ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பாரும், தெருவிலே ஆங்கிலம் பேசுவாரும் அப்பிள்ளைகளுக்கு அரியர். நீண்டதோர் ஆங்கிலச் சொல் கண்ணிற் பட்டதும், எழுத்தெழுத்தாய் உருப்போட முயன்று, முடியாமற் கைவிடுகின்றனர். அதே பிள்ளைகள் அடுத்த பாடவேளையிலே பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பும் மனப்பாடமாய் ஒப்புவிக்கின்றனர். ஒரு வகுப்பிலே கையிற் கொடுத்த திறவுகோலை அடுத்த வகுப்பிலே பயன்படுத்தலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. சாதாரண தரப் பரீட்சையிலே தமிழும் ஆங்கிலமும் ஒரே பிள்ளை எழுதும் பாடங்கள் என்பதை நினைவு கூர்தல் நன்று.

ஆங்கிலத்தைக் காதாற் கேட்டும் வாயாற் பேசியுமே கற்க வேண்டும், இலக்கணம் அதற்குத் தடை என்று கூறுவோர் உளர். நாளெல்லாம் ஆங்கிலம் காதில் விழும் நகரத்துப் பிள்ளைக்கு அக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். வகுப்பறையன்றி வேறெங்கும் அதனைக் கேளாத பிள்ளைக்கோ, காது செய்யாத உதவியைக் கண்ணும் கருத்தும் செய்தல் வேண்டும். தமிழிலக்கணத்தை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுதல் தகுமோ என்று வினவுவோரும் உளர். ஆறு உறுப்பையும் அவ்வாறே அங்கே பொருத்த யாம் முனையவில்லை. ஆங்கிலச் சொல்லிலே ஓர் அசை அழுந்தியும் ஏனையவை தளர்ந்தும் ஒலித்தல் பொருளுக்கே அடிப்படையாகும். தமிழில் அதற்கு நேரானதொன்று இல்லை. அதன் எழுத்தும் ஒலியும் பலவிடத்துப் பிணங்கும். யாம் வேண்டுவது, ஓசைப் பிரிவு, பொருட் பிரிவு என்னும் இரண்டு வினாக்களையும் இரு மொழியிலும் தனித்தனியே கேட்கும் பழக்கம் ஒன்றே.

அப்பழக்கம் இல்லாதவிடத்துச் செவி எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போர்க்காலத்திலே வன்னியிற் சிறு குழந்தையும் அறிந்திருந்த ஆங்கிலச் சொற்களுள் 'ஹெலி' ஒன்று. ஹெலிகொப்டர் என்பதன் குறுக்கம் அது. செவி அச்சொல்லை ஹெலி, கொப்டர் என்று இரண்டாக்கிற்று. ஆனால் அச்சொல்லின் கிரேக்க மூலங்களோ சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ' என்பதும், சிறகைக் குறிக்கும் 'ப்டெர்' என்பதுமாம். சுழலும் சிறகுடையது என்பது கருத்து. உலகம் முழுவதும் செவியின் பிரிப்பையே ஏற்றுக்கொண்டமையால், குறுக்கப் பெயரும் அதன்வழியே அமைந்துவிட்டது. சொல்லை வழங்குவதற்கு அது போதும்; சொல்லை விளக்குவதற்குப் போதாது. ஊர்ப்பெயர்களைத் தம் செவிக்கு இனித்தவாறு நறுக்கி, அந்நறுக்குகளிலிருந்து வரலாறு சமைப்போரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிக்கலாகாத பகாப்பதங்களும் உள என்று பவணந்தி முனிவர் வரையறுத்தது வீணுக்கன்று. எங்கே பிரித்தலை நிறுத்துவது என்பதும் பிரித்தற்கலையின் ஒரு கூறேயாகும்.

ஆதலின் மூவர்க்கும் எம் வேண்டுகோள் இது. உடனாசிரியர்காள்! தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் ஒரே கரும்பலகையின் முன் நின்று, இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதிப் பிரித்துக் காட்டுவோம். உறுப்புகளின் பெயரை ஒப்புவிப்பதோடு விடாமல், இவ்வெழுத்து இங்கே ஏன் வந்தது என்று கேட்போம். மாணவர்காள்! நீண்ட சொல்லைக் கண்டு அஞ்சற்க. முதலில் வாய்விட்டு ஓசையாகப் பிரித்துச் சொல்லுங்கள். பின்னர்ப் பொருளாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டும் ஒவ்வாத இடத்தில் நின்று காரணத்தைத் தேடுங்கள். அவ்வாறு தேடிக் கண்டது நெஞ்சை விட்டு எளிதில் நீங்காது.

பழைய மாணவப் பெருமக்களே! யூபிலி ஆண்டிலே கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் உசாவுகின்றீர்கள். மண்டபமும் மதிலும் வேண்டியவையே. அவற்றோடு, வகுப்புத்தோறும் ஒரு நல்ல தமிழகராதியும், சொற்பிறப்புக் காட்டும் ஓர் ஆங்கில அகராதியும், நன்னூற் காண்டிகையுரை ஒன்றும், பிள்ளையின் கைக்கெட்டும் தட்டிலே இருக்கச் செய்வீர்களாயின், அச்சிறு செலவின் பயன் பல தலைமுறைக்கு நீளும். பூட்டிய அலுமாரியிலே புத்தகங்கள் இருப்பதால் எவர்க்கும் பயனில்லை. எடுத்துப் புரட்டிப் புரட்டி அட்டை கிழிந்தபின், அடுத்த பிரதியை அனுப்பி வைப்பதும் உங்கள் கடனாகட்டும்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க. அவள் பிள்ளைகள் இரு மொழியும் தெளிவுறக் கற்று மேம்படுக.